ஊர்ப் பெயர் அச்சில் வந்த நாட்கள்

ஓட்டப்பிடாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வ.உ.சி.யிடமிருந்துதான் தொடங்குவார்கள். 1872 செப்டம்பர் 5 அன்று அவர் பிறந்த வீடு எங்கள் ஊரில் நினைவில்லமாக இருக்கிறது. சற்றுத் தள்ளிக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. இந்த இரண்டு பெயர்களையும் சொல்லித்தான் நாங்களும் வெளியூரில் எங்களை அறிமுகப்படுத்திக் கொள்வோம். ஆனால் ஊரை நினைக்கும்போது என் மனதில் முதலில் எழுவது வேறொன்று. வாரந்தோறும் தபாலில் வந்த ஒரு கத்தோலிக்கப் பத்திரிகை, அதை உரக்க வாசித்த ஓர் உபதேசியார், சுற்றி உட்கார்ந்து கேட்ட சம்சாரிகள்.

எங்கள் பக்கம் கரிசல். மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமை. ஐப்பசி, கார்த்திகை ஏமாற்றாமல் இருந்தால் உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் மிளகாயும் வீடு வந்து சேரும். ஏமாற்றிய வருஷங்களில் உடைமரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. கடல் கிழக்கே இருக்கிறது. எங்கள் தாலுகாவிலேயே தருவைக்குளம் போன்ற கடலோரக் கத்தோலிக்க ஊர்கள் இருக்கின்றன. அங்கே கோவில் மணி அடித்தால் ஊரே எழுந்திருக்கும். உள்ளே கரிசலில் நாங்கள் கொஞ்சக் குடும்பங்கள்தான். சாமியார் எப்போதாவது வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார்தான் செபம் சொல்லுவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார், சாகக் கிடப்பவர் தலைமாட்டில் நிற்பார். பத்திரிகை வந்ததும் அவர் பெயருக்குத்தான்.

அந்தப் பத்திரிகை ‘நம் வாழ்வு’. தமிழக ஆயர் பேரவை 1975-இல் தொடங்கிச் சென்னையிலிருந்து அனுப்பிய வார இதழ். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் மாத இதழான ‘ஞானதூதன்’ தனியாக வரும். இவை இரண்டுக்கும் மூத்த ஒன்று உபதேசியார் வீட்டு மர அலமாரியில் இருந்தது. புதுச்சேரியிலிருந்து 1911-இல் புறப்பட்ட ‘சர்வ வியாபி’யின் பழைய கட்டுகள். உபதேசியாரின் தகப்பனாரும் உபதேசியாராக இருந்தவர். வந்த இதழ்களையெல்லாம் வருஷவாரியாக அடுக்கி, சணல் கயிற்றால் கட்டி, வேப்பிலைச் சருகு போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த அலமாரியைத் திறந்தால் பழைய காகிதமும் வேப்பிலையும் கலந்து ஒரு வாசம் வரும். பிள்ளைகளாகிய நாங்கள் கை கழுவிவிட்டு வந்தால்தான் தொடலாம்.

வாசிப்பு ஞாயிறு சாயந்தரம், கோவிலையொட்டிய வேப்பமர நிழலில். எழுத்து தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் அவர்களும் தனியாகப் படிக்க வாங்கிப் போக மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து கேட்பதுதான் வழக்கம். எங்கள் ஆட்கள் மட்டும் வருவார்கள் என்றில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் திருநீறு பூசிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். உலகச் செய்தி வரும் பக்கத்துக்கு அவர்தான் முதல் ரசிகர். உபதேசியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோவிலில் வாசகம் வாசிக்கிற அதே ராகத்தில் ஆரம்பிப்பார். ஒரு வரி முடிந்ததும் நிமிர்ந்து முகங்களைப் பார்ப்பார். புரியாத முகம் ஒன்றைக் கண்டுவிட்டால் அந்த வரியைப் பேச்சுத் தமிழில் மறுபடி சொல்லுவார்.

“செத்தவங்க பேர மொதல்ல வாசிங்கய்யா, செபம் சொல்லணும்லா” என்பாள் என் ஆச்சி. அது ஒவ்வொரு வாரமும் நடக்கும். எங்கோ தஞ்சாவூர்ப் பக்கம் இறந்துபோன ஒரு கன்னியாஸ்திரி, சிவகங்கைப் பக்கம் வருஷக்கணக்காகப் பங்கு பார்த்து முடிந்துபோன ஒரு சாமியார், முதலாண்டு நினைவு என்று படத்தோடு போட்ட ஒரு தாய். ஒவ்வொரு பெயருக்கும் ஆச்சி ஒரு பர மண்டல மந்திரமும் ஒரு அருள் நிறை மந்திரமும் சொல்லுவாள். அவள் தூத்துக்குடியைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டின் பல மூலைகளில் இறந்தவர்களுக்காகச் செபித்திருக்கிறாள். அந்தப் பெயர்களை அவளிடம் கொண்டு வந்தது பத்திரிகைதான்.

செத்தவர்களுக்குப் பிறகு ரோமாபுரிச் செய்தி. அதன்பின் மறைமாவட்டச் செய்திகள், எந்தக் குரு எந்த ஊருக்கு மாறுகிறார், எங்கே புதுக்கோவில் மந்திரிப்பு, எங்கே நற்கருணைப் பவனி. அடுத்து நன்றியறிதல் பகுதி. காணாமல் போன மாடு கிடைத்ததற்கு அந்தோனியாருக்கு நன்றி, பிள்ளை பரீட்சையில் தேறியதற்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு நன்றி. இந்தப் பகுதியை வாசிக்கும்போது பெண்கள் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். கடைசியில் ஞாயிறு வாசகங்களுக்கான விளக்கம். சாமியார் வராத வாரங்களில் எங்களுக்குக் கிடைத்த பிரசங்கம் அந்த ஒரு பக்கம்தான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதன் பயனாகப் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. பீடத்துக்கு நேராகத் திரும்பி நின்ற குரு மக்களைப் பார்த்து நின்றார். இந்த மாற்றத்தில் வயதானவர்கள் பலர் மிரண்டுபோனார்கள் என்று அப்பா சொல்லுவார். தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சத்தம் ஒரே நாளில் போனால் மிரளத்தானே செய்வார்கள்? அப்போது உபதேசியாரின் தகப்பனார் பத்திரிகைக் கட்டுரைகளை வரி வரியாக வாசித்து, ஏன் இந்த மாற்றம், யார் முடிவு செய்தார்கள், எது மாறாது என்று மாதக்கணக்கில் எடுத்துச் சொன்னாராம். கரிசல் காட்டு ஊரில் ஓர் உலகச் சங்கத்தின் தீர்மானம் இறங்கி வந்த பாதை அதுதான். மேலிருந்து ஒரு கட்டளையாக மட்டும் வந்திருந்தால் ஜனங்கள் அடங்கிப் போயிருப்பார்கள். காரணத்தோடு வந்ததால் ஏற்றுக்கொண்டார்கள்.

1978-ஆம் வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருநாளுக்குத் தூத்துக்குடி போய்த் திரும்பி வந்த அலுப்புத் தீரவில்லை. மறுநாளே திருத்தந்தை ஆறாம் பவுல் இறந்துவிட்டார். அந்த மாதம் 26-இல் முதலாம் ஜான் பால் வந்தார். சிரித்த முகத்தோடு அவர் படம் போட்டு, ஏழைத் தொழிலாளி வீட்டில் பிறந்து வளர்ந்தவர் என்று எழுதியிருந்த இதழ் எங்கள் கைக்கு வந்து சேர்ந்த வாரத்திலேயே வானொலியில் அவர் இறந்த செய்தியும் வந்தது. செப்டம்பர் 28. முப்பத்து மூன்று நாள் திருத்தந்தை. அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் என்ன செய்வார் என்று எல்லாரும் பார்த்துக் கொண்டிருந்தோம். அவர் அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தாமல் வாசித்தார். வாசித்து முடித்ததும் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். திண்ணையில் இருந்த திருநீற்றுப் பெரியவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். “நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும்” என்று சொன்னோம். அக்டோபரில் போலந்து நாட்டுக்காரர் ஒருவர் திருத்தந்தை ஆனார் என்று வந்தபோது, போலந்து எங்கே இருக்கிறது என்று காட்ட உபதேசியார் பள்ளிக்கூடத்துப் பூமிப்படத்தை இரவல் வாங்கிக் கொண்டு வந்தார்.

எங்கள் ஊர்ப் பெயர் பத்திரிகையில் வருவது பெரிய விஷயம். கோவில் திருநாள் முடிந்ததும் உபதேசியார் ஒரு தபால் அட்டையில் நுணுக்கி நுணுக்கி எழுதுவார். கொடியேற்றம் எந்த நாள், யார் ஏற்றினார், சப்பரம் எந்தெந்தத் தெரு வழியாகப் போனது, அசனம் எத்தனை பேருக்கு. எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவார். பிறகு காத்திருப்பு. சில தடவை வரவே வராது. வந்தபோது நான்கு வரி. எழுதி அனுப்பியதில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் ‘ஓட்டப்பிடாரம்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும்.

“எங்க, காட்டுங்கய்யா” என்று எழுத்து தெரியாத கிழவர்கள் வாங்கி, விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். அந்த விரல்கள் எனக்கு இன்றைக்கும் தெரிகின்றன. மண்வெட்டிக் காம்பு பிடித்துக் காய்த்த விரல்கள். வருஷம் பூராவும் பட்டா, கிஸ்தி, கடன் பத்திரம் என்று அவர்களைப் பயமுறுத்துகிற காகிதங்களையே பார்த்தவர்கள் அவர்கள். சந்தோஷமாகத் தங்கள் பெயரைச் சொன்ன முதல் காகிதம் அதுதான்.

பத்திரிகைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது வேறு வழியாக வந்தது. தாத்தாவின் தம்பி கொழும்பு புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்ட பிறகு ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். கொண்டு வந்த தகரப் பெட்டியின் உட்புறம் பூராவும் துருப்பிடிக்காமல் இருக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தார். யாழ்ப்பாணத்தின் ‘பாதுகாவலன்’. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் படிப்பேன். குருநகர், பாசையூர், இளவாலை, பேசாலை, மடு என்று ஊர்ப் பெயர்கள். அங்கேயும் கொடியேற்றம், அங்கேயும் நவநாள், அங்கேயும் அந்தோனியாருக்கு நன்றி. “நம்ம ஊரு மாதிரியே இருக்கே சின்னத் தாத்தா” என்றால், “கடலு நடுவுல கெடக்கு, அவ்வளவுதான்டா” என்பார்.

பின்னாளில் அந்தப் பத்திரிகையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1841 ஜனவரியில் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’யைத் தொடங்கினார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த அந்த இதழ்தான் இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை. கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்க 1876 ஆயிற்று. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரரான ஆயர் பொஞ்சீன் அதற்குப் பின்னால் இருந்தார். தமிழில் ‘சத்தியவேத பாதுகாவலன்’, ஆங்கிலத்தில் ‘ஜாஃப்னா கத்தோலிக் கார்டியன்’ என்று இரட்டையாகப் பிறந்தது. 1889-இல் சைவர்கள் ‘இந்து சாதனம்’ தொடங்கினார்கள். ஒரு சிறிய குடாநாட்டில் மூன்று சமயத்தாரும் அச்செழுத்தில் எதிரெதிரே நின்று வாதாடினார்கள். அந்த வாதங்களில் காரம் இருந்தது, சில சமயம் காயமும் இருந்தது. ஆனாலும் ஆதாரம் காட்டிப் பேசுகிற, பதில் எழுதுகிற, மொழியைக் கூர்தீட்டுகிற ஒரு பழக்கம் அங்கே ஊன்றிப்போனதற்கு இந்தப் பத்திரிகைகளே காரணம். சுவாமி ஞானப்பிரகாசர் போன்ற பேரறிஞர் உருவான மண் அது. போர், இடப்பெயர்வு எல்லாவற்றையும் கடந்து ‘பாதுகாவலன்’ இன்றும் வருகிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போனபோதுதான், தேடுகிற வேர் எங்கள் மாவட்டத்திலேயே இருப்பது தெரிந்தது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல். போர்ச்சுக்கலிலிருந்து வந்து, 1547 முதல் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழைக் கற்று, தமிழில் எழுதி, தமிழை அச்சில் ஏற்றியவர். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. மறுவருஷம் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’. அது புன்னைக்காயலில் அச்சானதாகத்தான் ஆராய்ச்சியாளர் பலரும் சொல்கிறார்கள்.

அந்த அச்செழுத்துகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? முத்துக் குளித்த பரதவர்கள். நானூறு குருசாதோ நாணயம் திரட்டிக் கொடுத்தார்கள். மூச்சை அடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கியவர்களின் பணம். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்திருக்கும்? தங்களால் படிக்க முடியாத எழுத்துக்குக் காசு கொடுத்தார்கள். பிள்ளைகள் படிப்பார்கள், யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்பிக் கொடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. அந்தத் தொழில் ஈட்டிய பணத்தில் வார்த்த எழுத்துத்தான் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.

புன்னைக்காயலுக்கு முதன்முதல் போனபோது அந்தக் கரையில் நின்று எங்கள் வேப்பமரத்தடியை நினைத்துக் கொண்டேன். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் கையில் மணி ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார். அண்ட்ரிக் அடிகளார் அதே செபங்களை எழுத்தாக்கினார். உபதேசியார்கள் அந்த எழுத்தை மறுபடியும் குரலாக்கினார்கள். குரல், எழுத்து, மறுபடி குரல். எங்கள் கரையின் பத்திரிகை வரலாறு இந்த மூன்றில் அடங்கும். சந்தாக் கணக்கைப் பார்த்து இந்தப் பத்திரிகைகளை அளந்தால் தப்பாகப் போகும். எங்கள் ஊருக்கு வந்தது ஒரே ஒரு பிரதிதான். அதன் பின்னால் ஒரு தெருவே இருந்தது.

1923 ஜூன் 12-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டம் ஆயிற்று. திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயர். தற்காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவர். அதன் பிறகு மறைமாவட்டத்தின் செய்தி மறைமாவட்டத்துக்குள்ளேயே அச்சாகிற காலம் வந்தது. புதுச்சேரியும் திருச்சியும் சென்னையும் அனுப்பியதைப் படித்த ஜனங்கள், தங்கள் பங்குகளைப் பற்றித் தங்கள் ஆட்களே எழுதியதைப் படித்தார்கள். 1982-இல் பனிமய மாதா கோவில் பசிலிக்காவாக உயர்ந்து தங்கத்தேர் ஓடிய வருஷம், படங்களோடு வந்த இதழ் எங்கள் ஊரில் கைமாறிக் கைமாறி மடிப்பு கிழிந்துபோயிற்று. 1986 பிப்ரவரியில் இரண்டாம் ஜான் பால் சென்னைக்கு வந்தபோது எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறிப் போனார்கள். தூரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளியைத்தான் பார்த்தோம் என்றார்கள். என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள அடுத்த இதழுக்குத்தான் காத்திருந்தார்கள்.

அதற்குள் காலமும் மாறிக்கொண்டிருந்தது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலி தமிழில் பேசியது. நேயர் கடிதத்தில் எங்கள் ஊர்ப் பெயர் காற்றிலும் வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள், அவரவர் பத்திரிகையை அவரவர் படித்துக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் கூட்டம் குறைந்தது. உபதேசியார் கடைசிவரை நிறுத்தவில்லை. என் ஆச்சியும் இன்னும் நாலு கிழவிகளும் மட்டும் இருந்த ஞாயிறுகளிலும் அதே ராகத்தில், அதே நிதானத்தில் வாசித்தார்.

அவர் இறந்து சில வருஷம் கழித்து அந்த அலமாரியைத் திறந்தபோது, வேப்பிலைச் சருகு மாற்ற ஆளில்லாத வீட்டில் கரையான் பாதியைத் தின்றிருந்தது. மீதியில் ஒரு பகுதி எடைக்குப் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அதைக் காக்க வேண்டும் என்று எங்களில் ஒருவரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

1981 மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அந்தத் தீயைத் தொலைவிலிருந்து பார்த்த கத்தோலிக்கக் குருவும் பன்மொழி அறிஞருமான தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே பகையால் அழிந்தது. நம்மிடம் அக்கறையின்மையால் அழிகிறது. அழிந்தபின் இரண்டும் ஒன்றுதான்.

ஒரு பழைய கத்தோலிக்கப் பத்திரிகைக் கட்டில் என்ன கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்த வருஷம் எந்தக் கடற்கரை ஊரில் புயல் அடித்து எத்தனை பேர் போனார்கள், எந்தக் கரிசல் ஊரில் பஞ்சத்துக்குக் கஞ்சித்தொட்டி திறந்தார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் முதன்முதல் சேர்ந்தார்கள், எந்தக் குடும்பம் எந்தக் கப்பலேறிக் கொழும்புக்குப் போயிற்று, இவையெல்லாம் நாலு நாலு வரியாகக் கிடைக்கும். பெரிய நாளேடுகள் இவர்களைத் தேடி வரவில்லை. அரசாங்கக் கோப்புகளில் இவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே இருப்பார்கள். பெயரோடும் ஊரோடும் இவர்களை எழுதி வைத்தவை இந்தச் சிறிய பத்திரிகைகள்தான்.

ஓட்டப்பிடாரத்திலும் புதியம்புத்தூரிலும் தருவைக்குளத்திலும் பழைய உபதேசியார் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பங்கு வீட்டுப் பரண்களிலும் கட்டுகள் இருக்கும். எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வருஷத்தையும் பத்திரிகைப் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி மேலே கட்டுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் தமிழ் இதழ்களைப் பாதுகாக்கின்றன. இலங்கை இதழ்களை ‘நூலகம்’ நிறுவனம் இணையத்தில் ஏற்றி வைக்கிறது. கையிலுள்ள தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்தாலும் போதும். அந்தப் படங்களை வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து உரக்க வாசித்துக் காட்டுங்கள். அடுத்த தலைமுறை ஆசைப்பட்டுத் தேடும்போது இந்தத் தாள்கள் மிஞ்சியிருக்காது. செய்ய வேண்டியவர்கள் நாம்தான், இப்போதே.